போரில் வீழ்ந்தோருக்கு ஒரு நாள்: அமெரிக்க நினைவு நாளும் குமரி மாவட்டமும்

மே மாதக் கடைசி வாரத்தில் அமெரிக்காவிலிருந்து நாகர்கோவிலுக்கோ மார்த்தாண்டத்துக்கோ தொலைபேசியில் பேசும் பிள்ளைகள், "திங்கட்கிழமை லீவு, மெமோரியல் டே" என்று சொல்வதுண்டு. அது என்ன விசேஷம் என்று இங்கிருக்கும் அம்மா கேட்டால், "பட்டாளக்காரர்களுக்கான நாள்" என்ற பதிலோடு பேச்சு வேறு பக்கம் போய்விடும். அந்தப் பதில் பாதிதான் சரி. பட்டாளத்தில் இருந்த எல்லோருக்குமான நாள் அன்று அது. படைப்பணியில் இருக்கும்போதே உயிரிழந்தவர்களுக்கு மட்டுமான நாள். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், உலகின் பல நாடுகளில் கடைப்பிடிக்கப்படும் இத்தகைய நாள்களின் உள்ளியல்பு முழுவதும் எளிதில் விளங்கிவிடும்.

யாருக்கான நாள்?

அமெரிக்காவில் படையினருக்கென மூன்று நாள்கள் உள்ளன. மே மாத மூன்றாம் சனிக்கிழமை இப்போது சீருடையில் இருப்பவர்களுக்கான ஆயுதப்படை நாள். நவம்பர் 11 படையில் பணியாற்றிய அனைவருக்கும், குறிப்பாகப் பணி முடித்து வீடு திரும்பி உயிரோடிருப்பவர்களுக்குமான நாள். மே மாதக் கடைசித் திங்கட்கிழமை பணியிலேயே உயிர்நீத்தவர்களுக்கான நினைவு நாள். ஓய்வுபெற்ற ஒரு சுபேதாரைப் பார்த்து மெமோரியல் டே வாழ்த்துச் சொன்னால் அவர் சங்கடப்படுவார். அந்த நாள் தமக்குரியதன்று, தம்முடன் போய்த் திரும்பி வராதவர்களுக்குரியது என்பதே அவருடைய எண்ணமாக இருக்கும்.

நம் மாவட்டத்திலேயே இந்த அளவுகோலை வைத்துப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாய் என்ற டச்சுத் தளபதியின் கல்லறையைப் பலரும் பார்த்திருப்பார்கள். 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்ட அவர், பின்னர் மார்த்தாண்டவர்மா மகாராஜாவிடமே பணியில் சேர்ந்து, திருவிதாங்கூர்ப் படையை ஐரோப்பிய முறையில் பயிற்றுவித்துத் தலைமைத் தளபதியாக உயர்ந்தார். 1777ஆம் ஆண்டு முதுமையில் இறந்தார். இலத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்ட அக்கல்லறை ஒரு படைத்தலைவருக்கு உரியதுதான்; ஆயினும் அவர் களத்தில் வீழ்ந்தவர் அல்லர். அமெரிக்க நினைவு நாளின் கணக்குப்படி டிலனாய் அதில் இடம்பெற மாட்டார். குளச்சல் கடற்கரை மணலில் அன்று இரு தரப்பிலும் வெட்டுண்டும் சுடப்பட்டும் விழுந்தவர்களே இடம்பெறுவார்கள். குளச்சலில் நிற்கும் வெற்றித்தூண் திருவிதாங்கூரின் வெற்றியைச் சொல்கிறது. வீழ்ந்தவர்களின் பெயர்களை அது சொல்வதில்லை. வெற்றியைக் கொண்டாடுவதும் வீழ்ந்தவர்களை நினைப்பதும் அடிக்கடி ஒரே மேடையில் நடப்பதால் இரண்டும் ஒன்றெனத் தோன்றுகின்றன. இரண்டும் வேறு என்பதைத்தான் இக்கட்டுரை முழுவதும் சொல்ல முனைகிறேன்.

இறந்தவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் இறந்த நாள் இருக்கும்போது, பொதுவாக ஒரு நாள் எதற்கு என்று கேட்கலாம். திதி தெரிந்த முன்னோருக்கு அந்தத் திதியில் படைக்கும் குடும்பம், திதி தெரியாதவர்களுக்கெல்லாம் சேர்த்து அமாவாசையில் பலி இடுகிறது அல்லவா, அதே தேவைதான் ஒரு நாட்டுக்கும் உண்டாகிறது. எந்த நாளில், எந்தப் பள்ளத்தாக்கில், எந்தக் கடலில் இறந்தார்கள் என்று தெரியாதவர்கள் ஆயிரக்கணக்கில் சேரும்போது, யாரும் விடுபட்டுவிடாதபடி எல்லோருக்கும் ஒரு நாள் வேண்டியிருக்கிறது.

அது தொடங்கிய விதம்

1861 முதல் 1865 வரை அமெரிக்காவின் வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் தமக்குள் போரிட்டுக்கொண்டன. அடிமைமுறையை விட மறுத்துத் தனிநாடாகப் பிரிந்த தென் மாநிலங்கள் இறுதியில் தோற்றன. இரு தரப்பிலுமாக ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர்கள் இறந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினரைக் கொன்றது குண்டு அன்று, நோய். எங்கெங்கோ அவசரமாகத் தோண்டப்பட்ட குழிகளில் பெயர்ப்பலகைகூட இல்லாமல் கிடந்த அந்த உடல்களை எடுத்து முறையாக அடக்கம் செய்யும் வேலையே பல ஆண்டுகள் நடந்தது. நினைவு நாள் என்பது அந்த வேலையிலிருந்து பிறந்த வழக்கம்.

அதன் பிறப்பிடம் எது என்பதில் பல ஊர்கள் உரிமை கொண்டாடுகின்றன. 1966ஆம் ஆண்டு அமெரிக்க அரசு நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்லூ என்ற ஊருக்கு அந்தப் பெருமையை அதிகாரபூர்வமாகக் கொடுத்தது. என்னைக் கேட்டால், அதற்கு முன் நடந்த இரு நிகழ்ச்சிகளே மனத்தில் நிறுத்த வேண்டியவை.

ஒன்று, தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் 1865 மே 1 அன்று நடந்தது. அங்கிருந்த குதிரைப் பந்தயத் திடலைத் தென்மாநிலப் படை சிறைமுகாமாக வைத்திருந்தது. அங்கே இறந்த வடமாநிலக் கைதிகள் ஒரே பள்ளத்தில் புதைக்கப்பட்டிருந்தார்கள். போர் முடிந்ததும், அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்டிருந்த கறுப்பின மக்கள் அந்த 257 உடல்களையும் எடுத்துத் தனித்தனியே அடக்கம் செய்து, சுற்றிலும் வேலி அடைத்து, பள்ளிப் பிள்ளைகளை முன்னே நடக்கவிட்டு, மலர்களோடு ஊர்வலம் சென்றார்கள். சுமார் பத்தாயிரம் பேர் அதில் கலந்துகொண்டார்கள். மற்றொன்று, மிசிசிப்பி மாநிலத்தின் கொலம்பஸ் ஊரில் 1866 ஏப்ரலில் நடந்தது. தோற்ற தரப்பைச் சேர்ந்த அவ்வூர்ப் பெண்கள், தங்கள் வீரர்களின் கல்லறைகளுக்குப் பூ வைத்த கையோடு, அருகில் கிடந்த எதிரிப்படையினரின் கல்லறைகளுக்கும் பூ வைத்தார்கள். அவர்களை ஏவியவர் யாரும் இல்லை, சட்டமும் இல்லை.

1868ஆம் ஆண்டு, வடமாநிலப் படையின் முன்னாள் வீரர்கள் சங்கத்துக்குத் தலைவராயிருந்த ஜெனரல் ஜான் லோகன், மே 30ஆம் நாள் நாடெங்கும் வீரர்களின் கல்லறைகளுக்கு மலர் சூட்ட வேண்டும் என்று ஆணையிட்டார். எந்தப் பெரிய போரின் ஆண்டு நாளும் அல்லாத ஒரு நாளாகப் பார்த்து அவர் தேர்ந்தெடுத்தார் என்று சொல்லப்படுவதுண்டு. எங்கும் பூக்கள் கிடைக்கும் பருவம் என்பதும் காரணமாகக் காட்டப்படுகிறது. அந்த முதல் ஆண்டில் தலைநகர் வாஷிங்டனை அடுத்துள்ள ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 5,000 பேர் கூடி, அங்கு அடக்கம் செய்யப்பட்டிருந்த சுமார் 20,000 வீரர்களின் கல்லறைகளுக்கு மலர் சூட்டினார்கள். அந்தத் தோட்டம் ஒரு காலத்தில் தென்மாநிலப் படைத்தளபதி ராபர்ட் லீயின் குடும்பப் பண்ணையாக இருந்த நிலம். மலர் சூட்டும் நாள் என்ற பொருளில் நெடுங்காலம் 'டெக்கரேஷன் டே' என்றே மக்கள் இதனைச் சொல்லிவந்தார்கள். தென் மாநிலங்கள் அதை ஏற்காமல் தமக்கென வேறு நாள் வைத்திருந்தன. முதல் உலகப் போருக்குப் பின், எல்லாப் போர்களிலும் இறந்த அமெரிக்க வீரர்களுக்கான நாளாக அது விரிந்த பிறகே இரு தரப்பும் ஒரே நாளுக்கு வந்து சேர்ந்தன.

1968இல் நிறைவேற்றப்பட்டு 1971 முதல் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம், வேறு சில விடுமுறைகளோடு இதையும் திங்கட்கிழமைக்கு மாற்றியது. அதனால் இப்போது மே 25 முதல் 31 வரை எந்தத் தேதியிலும் அது வரலாம்.

அன்று என்ன செய்கிறார்கள்?

நாட்டுக்கொடி அன்று காலையில் உச்சிவரை ஏற்றப்பட்டு, பின் மெதுவாக அரைக் கம்பத்துக்கு இறக்கப்படுகிறது. நண்பகல் வரை அப்படியே இருக்கும். நண்பகலில் மீண்டும் உச்சிக்கு ஏற்றப்படும். முற்பகல் இறந்தவர்களுக்கு, பிற்பகல் அவர்கள் விட்டுச்சென்ற நாட்டை நடத்த வேண்டிய உயிரோடிருப்பவர்களுக்கு என்பது அதன் கருத்து. பிற்பகல் மூன்று மணிக்கு அந்தந்த ஊர் நேரப்படி ஒரு நிமிடம் எல்லோரும் அமைதி காக்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. மக்கள் விடுமுறையின் உல்லாசத்தில் மூழ்கியிருக்கும் நேரம் என்பதாலேயே மூன்று மணியைத் தேர்ந்தார்கள். ஒரு நாட்டின் நாடாளுமன்றம் தன் மக்களிடம் ஒரு நிமிட மௌனத்தைச் சட்டம் போட்டுக் கேட்க வேண்டிய நிலை வந்தது என்பதையும் அதில் கவனிக்கலாம்.

ஆர்லிங்டனில் நடப்பதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது என்பேன். நினைவு நாளுக்கு முந்தைய வியாழக்கிழமை, 'பழைய காவற்படை' என்று செல்லமாக அழைக்கப்படும் மூன்றாம் காலாட்படைப் பிரிவின் வீரர்கள் முதுகுப்பை நிறையச் சிறு கொடிகளைச் சுமந்துகொண்டு கல்லறை வரிசைகளுக்குள் நுழைகிறார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் நேர் நடுவில், கல்லிலிருந்து ஒரு காலடி நீளம் தள்ளி, ஒரு கொடி. தம் பூட்ஸையே அளவுகோலாக வைத்து அந்தத் தூரத்தை அளக்கிறார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளுக்குச் சில மணி நேரத்தில் கொடி நட்டு முடிக்கிறார்கள். 1948 முதல் இந்த வழக்கம் தொடர்கிறது. இதில் பேச்சாளர் இல்லை, மேடை இல்லை, மாலை மரியாதைக்குக் காத்திருக்கும் பிரமுகர் இல்லை. ஒவ்வொரு வீரரும் ஒவ்வொரு கல்லின் முன்பும் குனிந்தாக வேண்டும். குனியும்போது அதிலுள்ள பெயரைப் படிக்காமல் இருக்க முடியாது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த நாள் தேய்ந்து போகாமல் இருப்பதற்கு விடுமுறையைவிட இந்த வேலையே காரணம் என்பது என் கணிப்பு.

கடலில் இறந்த மாலுமிகளுக்குக் கல்லறை கிடையாது என்பதால், துறைமுக ஊர்களில் நீரில் மலர் தூவுகிறார்கள். போரில் மகனையோ கணவரையோ இழந்த குடும்பத்துக்குத் 'தங்க நட்சத்திரக் குடும்பம்' என்று பெயர். பல ஊர்களின் நிகழ்ச்சிகளில் அவர்களுக்கு முன்வரிசை உண்டு.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான அமெரிக்கர்களுக்கு அது கோடை தொடங்கும் மூன்று நாள் விடுமுறை. வீட்டுப் பின்புறத்தில் இறைச்சி சுடும் நாள். மெத்தை முதல் கார் வரை தள்ளுபடியில் விற்கும் நாள். இரண்டாம் உலகப் போரில் ஒரு கையை இழந்த செனட்டர் டேனியல் இனோயே, இந்த நாளை மீண்டும் மே 30க்கே மாற்ற வேண்டும் என்று மசோதா கொண்டுவருவதை, 2012இல் தாம் இறக்கும் வரை விடாமல் செய்துவந்தார். வார இறுதியோடு ஒட்டியபோதே அந்த நாள் தன் பொருளை இழக்கத் தொடங்கியது என்பது அவர் வாதம். மசோதா ஒருமுறையும் நிறைவேறவில்லை. ஆடித் தள்ளுபடியில் மூழ்கும் நமக்கு இதைக் கண்டு முகம் சுளிக்கும் தகுதி இல்லை என்றாலும், இனோயேயின் பக்கம் நியாயம் இருந்ததாகவே எனக்குப் படுகிறது.

அங்கே வாழும் நம் பிள்ளைகளும், அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டிய மரியாதைகள் சில உண்டு. தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் சொல்வதுபோல் இந்த நாளுக்கு மகிழ்ச்சி வாழ்த்துச் சொல்லக் கூடாது. துக்க வீட்டின் முறைதான் இங்கும். பக்கத்து வீட்டுக்காரர் தம் தம்பியைப் போரில் இழந்தவர் என்று தெரிந்தால், அந்தத் தம்பியின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது போதும். படைவீரர் கல்லறைகள் மேல் சில்லறைக் காசுகள் வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம்; வந்து போனோம் என்பதற்கு அடையாளமாக நண்பர்களும் உடன் பணியாற்றியவர்களும் வைப்பது அது. குழந்தைகள் அதை எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிற நாடுகளில்

பிரிட்டனும் கனடாவும் நவம்பர் 11ஐ நினைவு நாளாகக் கொள்கின்றன. 1918ஆம் ஆண்டு அந்த நாளில் காலை 11 மணிக்கு முதல் உலகப் போர் ஓய்ந்தது. மறு ஆண்டிலிருந்து அந்நேரத்தில் இரண்டு நிமிடம் மௌனம் காக்கப்படுகிறது. சட்டையில் செந்நிறப் பாப்பிப் பூவைக் குத்திக்கொள்வது அங்கே வழக்கம். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஏப்ரல் 25ஐக் கடைப்பிடிக்கின்றன. 1915இல் துருக்கியின் கலிப்போலிக் கரையில் அவ்விரு நாட்டுப் படைகளும் இறங்கிய நாள் அது. அந்தப் படையெடுப்பு தோல்வியில் முடிந்தது. தென்கொரியாவில் ஜூன் 6 காலை பத்து மணிக்குச் சங்கு ஊதப்பட, நாடே ஒரு நிமிடம் நின்றுவிடுகிறது. தோற்ற களத்தின் தேதியையே இரு நாடுகள் தம் பெரிய நினைவு நாளாக வைத்திருப்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, இனி நம் நாட்டின் நாள்காட்டிக்கு வருவோம்.

இந்தியாவின் நாள்கள்

போரில் வீழ்ந்த படைவீரர்களுக்கென்று மட்டும் ஒரு தேசிய விடுமுறை இந்தியாவில் இல்லை. பல நாள்கள் இருக்கின்றன. டிசம்பர் 16, 1971 போரில் பாகிஸ்தான் படை டாக்காவில் சரணடைந்த வெற்றி நாள்; அன்று சரணடைந்தவர்கள் ஏறத்தாழ 93,000 பேர். ஜூலை 26, 1999 கார்கில் வெற்றி நாள். அந்தப் போரில் நம் வீரர்கள் 527 பேர் உயிரிழந்தார்கள். ஜனவரி 15 தரைப்படை நாள், டிசம்பர் 4 கடற்படை நாள், அக்டோபர் 8 விமானப்படை நாள். ஜனவரி 14 முன்னாள் படைவீரர் நாள். ஜனவரி 30, காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்ட நாள். அன்று காலை 11 மணிக்கு, விடுதலைப் போராட்டத்தில் உயிர்நீத்த அனைவருக்காகவும் இரண்டு நிமிட மௌனம் காக்கப்படுகிறது. காவல்துறையினருக்கு அக்டோபர் 21 தனியே இருக்கிறது. இவற்றோடு நம் மாவட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில், தமிழகத்தோடு இணைய வேண்டும் என்று போராடி இறந்தவர்களை நினைக்கும் வழக்கமும் உண்டு. அது மொழிவழி மாநிலப் போராட்டத்தின் தியாகிகளுக்கானது. படைவீரர் நாளோடு அதைக் கலக்க வேண்டியதில்லை.

இந்தப் பட்டியலில் ஒரு குறை இருப்பதாக நான் கருதுகிறேன். வீழ்ந்தவர்களை நாம் பெரிதாக நினைக்கும் இரு நாள்களும் பெயரிலேயே வெற்றியைச் சுமந்திருக்கின்றன. வெற்றி கிடைக்காத போரில் இறந்தவர்களுக்கு எந்த நாள்? 1962 நவம்பர் 18 அன்று லடாக்கின் ரெசாங் லாவில், மேஜர் ஷைத்தான் சிங் தலைமையில் குமாவோன் படைப்பிரிவின் ஒரு கம்பெனி, சீனப் படையை எதிர்த்து ஏறத்தாழ முழுவதும் அழியும் வரை நின்று போரிட்டது. வீழ்ந்தவர்கள் நூற்றுக்கும் மேல். அந்தப் போரில் நாடு தோற்றது. 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படையில் ஏறத்தாழ 1,200 பேர் இறந்தார்கள். அந்தப் போர் தமிழர் மனத்தில் ஆறாத வடுவாக இருப்பதால், அதில் இறந்த வீரர்களைப் பற்றிப் பேச இங்கே பலரும் தயங்குகிறார்கள். அனுப்பியது அரசு, போனவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. போரைப் பற்றிய தீர்ப்பும் அதில் இறந்தவரைப் பற்றிய நினைவும் தனித்தனியே இருக்க முடியும் என்பதற்கு அமெரிக்காவே ஓர் எடுத்துக்காட்டு வைத்திருக்கிறது. வியட்நாம் போரை எதிர்த்து அங்கே வீதிதோறும் கிளர்ச்சி நடந்தது. ஆயினும் 1982இல் வாஷிங்டனில் ஒரு கறுப்புக் கிரானைட் சுவர் எழுப்பி, அந்தப் போரில் இறந்தவர்களின் பெயர்களை, இப்போது 58,000க்கும் மேல், இறந்த தேதி வரிசையில் பொறித்திருக்கிறார்கள். பதவி பெரியவர் முதலில் என்பதில்லை, பெருமை பேசும் வாசகமும் பெரிதாக இல்லை.

அந்த வகையில் இந்தியா தாமதமாகவேனும் ஒரு நல்ல வேலையைச் செய்தது. புதுதில்லி இந்தியா கேட் என்பது ஆங்கிலேயர் காலத்தில், முதல் உலகப் போர் முதலியவற்றில் இறந்த எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்களுக்காக எழுப்பப்பட்டு 1931இல் திறக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் இறந்தவர்களுக்கு, 1972 ஜனவரி 26 முதல் அதன் கீழ் எரிந்த அமர் ஜவான் சுடர் தவிர, பெயர் பொறித்த தேசியச் சின்னம் நெடுங்காலம் இல்லை. 2019 பிப்ரவரி 25 அன்று அதன் அருகே தேசியப் போர் நினைவகம் திறக்கப்பட்டது. 2022 ஜனவரியில் பழைய சுடரும் அங்குள்ள சுடரோடு சேர்க்கப்பட்டது. நான்கு வட்டங்களாக அமைந்த அந்த நினைவகத்தின் தியாக வட்டத்தில், 1947க்குப் பின் இறந்த 25,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் கிரானைட் கற்களில் பொறிக்கப்பட்டுள்ளன. 1962இல் வீழ்ந்தவரும் இலங்கையில் வீழ்ந்தவரும் கார்கிலில் வீழ்ந்தவரும் அங்கே ஒரே அளவுக் கல்லில் இருக்கிறார்கள். மாலைதோறும், வீழ்ந்த ஒரு வீரரின் குடும்பத்தாரை அழைத்து மலர்வளையம் வைக்கச் செய்யும் வழக்கமும் அங்கே உண்டு. எல்லோருக்கும் ஒரு நாள் என்ற அமெரிக்க முறைக்கு எதிர்த்திசையில், ஒவ்வொருவருக்கும் ஒரு மாலை என்ற இம்முறை எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது.

பெயரை முதலில் வைப்பது தமிழருக்குப் புதிதும் அன்று. கல்லைத் தேர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்தும் நடுகல் சடங்கின் படிநிலைகளைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட பழந்தமிழ் எழுத்து நடுகல் ஒன்று, ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்தவன் பெயரையும் ஊரையும் சில சொற்களில் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. பூசலில் யார் வென்றார்கள் என்பதைக் கல் சொல்லவில்லை.

நம் மாவட்டத்தில் இது எப்படி இருக்கிறது?

குமரி மாவட்டத்துக்குப் படைப்பணி பழக்கமானது. மெட்ராஸ் ரெஜிமெண்டின் ஒன்பதாம் பட்டாலியன் தன் வரலாற்றைத் திருவிதாங்கூர் மன்னரின் படையிலிருந்தே எண்ணத் தொடங்குகிறது. நீலகிரியின் வெலிங்டனில் உள்ள அந்த ரெஜிமெண்டின் பயிற்சி மையத்துக்கும், 'தம்பிகள்' என்று பட்டப்பெயர் பெற்ற பெங்களூர் மெட்ராஸ் சேப்பர்ஸ் என்ற பொறியாளர் படைக்கும், கடற்படைக்கும், எல்லைக் காவல் படைகளுக்கும் இங்கிருந்து இளைஞர்கள் போய்க்கொண்டேயிருக்கிறார்கள். பணியில் ஒருவர் இறந்தால், உடல் பெரும்பாலும் திருவனந்தபுரம் விமான நிலையம் வழியாக வருகிறது. மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் மலர்வளையம் வைக்கிறார்கள். துப்பாக்கிகள் வானை நோக்கி முழங்குகின்றன. பிகிளில் லாஸ்ட் போஸ்ட் என்ற இறுதி மரியாதை இசை ஒலிக்கிறது. பெட்டியின் மேல் போர்த்தியிருந்த தேசியக்கொடி மடிக்கப்பட்டு மனைவி கையிலோ அம்மா கையிலோ கொடுக்கப்படுகிறது. ஊரே திரண்டு நிற்கும். மறு ஆண்டு அதே நாளில் யார் நிற்பார்கள் என்பதுதான் கேள்வி.

உடல் வீடு வருவது பொது வழக்கமானதே கார்கில் போருக்குப் பின்னர்தான். அதற்கு முந்தைய போர்களில் பெரும்பாலும் களத்திலேயே எரியூட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தது ஒரு தந்தியும், ஒரு டிரங்குப் பெட்டியில் அவருடைய பொருள்களும். 1971 டிசம்பர் 9 இரவு, டையூ கடற்பகுதியில் பாகிஸ்தான் நீர்மூழ்கியின் தாக்குதலில் ஐ.என்.எஸ். குக்ரி கப்பல் மூழ்கியபோது, 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் அதனோடு போனார்கள். கடலுக்குப் போய்த் திரும்பாதவனின் வீட்டில் கல்லறையற்ற துக்கம் எப்படியிருக்கும் என்பதை நம் கடற்கரை ஊர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய குடும்பங்களை நினைப்பதற்குப் புதிதாக ஒரு விழாவைக் கண்டுபிடிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன் ஊர்ப் பங்குகளில் கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுகிறோம். ஆடி அமாவாசையில் குழித்துறை ஆற்றங்கரையில் வாவுபலிக்கும் கன்னியாகுமரி முக்கடல் துறைக்கும் ஆயிரக்கணக்கானோர் போகிறோம். அந்த நாள்களில், அந்த ஊரிலிருந்து போய்ப் படைப்பணியில் இறந்தவர்களின் பெயர்களை ஒருவர் உரக்கப் படித்தால் போதும். ஒரு பங்கில் மூன்று பெயர் இருக்கலாம். ஓர் ஊரில் ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். பள்ளிவாசல் ஜமாத்துகளிலும் ஊர் நூலகங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் இதைச் செய்ய எந்தத் தடையும் இல்லை. அந்த வீரர் படித்த பள்ளியின் சுவரில் பெயர், பிறந்த ஆண்டு, படைப்பிரிவு, இறந்த இடம், நாள் ஆகிய ஐந்தும் பொறித்த ஒரு சிறு கல் இருப்பது, சுதந்திர நாளில் பேசப்படும் அரை மணி நேர உரையைவிடப் பிள்ளைகளுக்கு அதிகம் சொல்லும்.

டிசம்பர் 7 கொடி நாளையும் பள்ளிகள் சரியாகப் பயன்படுத்தலாம். 1949 முதல் கடைப்பிடிக்கப்படும் அந்த நாளில், சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என முப்படைகளைக் குறிக்கும் நிறங்கள் கொண்ட காகிதக் கொடியைப் பிள்ளைகள் சட்டையில் குத்திக்கொண்டு காசு கொடுக்கிறார்கள். வீழ்ந்த வீரர்களின் மனைவி மக்களுக்கும், ஊனமுற்ற வீரர்களுக்கும், முன்னாள் படைவீரர்களுக்கும் போய்ச்சேரும் நிதி அது என்பதைப் பல வகுப்பறைகளில் யாரும் சொல்வதில்லை. கொடிக்கு எவ்வளவு என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

பெயர்களைத் திரட்ட முனைவோர் முதலில் போக வேண்டிய இடம், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். போரில் கணவரை இழந்தோருக்கும் பிற குடும்பத்தாருக்குமான உதவிகள் அங்கே கையாளப்படுவதால், விவரம் அறிந்தவர்கள் அங்கு இருப்பார்கள். அந்தந்த ரெஜிமெண்டின் பதிவு அலுவலகம் அடுத்தது. மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு அது வெலிங்டனில் இருக்கிறது. தேடும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். படையில் சேர்ந்த அன்று எழுத்தர் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே பெயர் பதிவாகியிருக்கும். வீட்டுப் பெயர் விடுபட்டிருக்கும், தந்தை பெயர் குடும்பப் பெயர்போல் பின்னால் ஒட்டியிருக்கும், ஞானஸ்நானப் பெயர் ஒரு மாதிரியும் பள்ளிப் பெயர் வேறு மாதிரியும் இருக்கும். ஆகவே பெயரை மட்டும் நம்பிப் போகாமல், பழைய கடித உறையிலோ, பதக்கத்தின் விளிம்பிலோ, ஓய்வூதியப் புத்தகத்திலோ இருக்கும் படை எண்ணை வீட்டாரிடம் கேட்டு முதலில் எழுதிக்கொள்ள வேண்டும்.